மேஸ்திரி இடுப்புச் சாவி

மருந்து ரூம் சாவி மேஸ்திரியின் இடுப்பை விட்டு இறங்கி அந்தச் சலவை ஆலையில் யாரும் பார்த்ததில்லை. காய்ச்சலில் படுத்தாலும் சாவியோடுதான் படுப்பார். மகன் கல்யாணத்தன்று புதுத்துணிக்குள் அது கலகலவென்று ஆடியதை வந்த சனமெல்லாம் கேட்டது.

மருந்து என்றால் மாத்திரை இல்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற விரிப்புகளை வெளுக்கும் பிளீச்சு, கடைசி அலசலில் விடும் ஆசிட், இவை டிரம் டிரம்மாக நிற்கிற அறைக்குத்தான் அந்தப் பெயர். பிளீச்சும் ஆசிட்டும் மாமியாரும் மருமகளும் மாதிரி என்று மேஸ்திரி புது ஆட்களுக்குச் சொல்லுவார். ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே பாத்திரத்தில் இருக்கக் கூடாது. சேர்ந்தால் கிளம்புகிற புகை நெஞ்சை அறுக்கும். கூடிப்போனால் ஆளையே சாய்த்துவிடும். அதனால்தான் அந்த அறைக்கு ஒரே சாவி, ஒரே இடுப்பு.

அந்த இடுப்புக்குச் சாவி சும்மா வந்துவிடவில்லை. மீசை முளைக்காத வயதில் வேலை கேட்டு வந்து நின்றவரிடம் பழைய முதலாளி, "எழுதப் படிக்கத் தெரியுமாடா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை சொன்னா மறக்க மாட்டேன் முதலாளி" என்றார் இவர்.

அந்த ஒரு பதில்தான் அவருக்குச் சோறு போட்டது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரித்தார். தள்ளுவண்டி தள்ளினார். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நின்று, அது சுற்றுகிற சத்தத்திலேயே எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்லுகிற அளவுக்குக் காதைத் தீட்டிக்கொண்டார். வண்டியிலிருந்து மெஷினுக்கு, மெஷினிலிருந்து பாய்லருக்கு, பாய்லரிலிருந்து மேஸ்திரிக்கு. சொந்த வீடு கட்டினார். மகனைப் படிக்க வைத்தார், பட்டம் வாங்கிய பெண்ணை மருமகளாகக் கொண்டுவந்தார். பேனா பிடித்தவன் எத்தனையோ பேர் அந்த ஆலைக்கு வந்தான், போனான். காது பிடித்த மனுஷன் நிலைத்து நின்றார். இதைத் தலை நிமிர்ந்து சொல்லுவதில் தப்பென்ன? உழைத்து வந்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்லுவது?

அப்படி நின்றவரை ஒரு வெள்ளை டிரம் ஆட்டிவிட்டது.

முன்பெல்லாம் பிளீச்சுக்கு நீல மூடி, ஆசிட்டுக்குச் சிவப்பு மூடி. கண் தெரிந்தால் போதும். ஆலை கைமாறியது. புது முதலாளி வேறு இடத்திலிருந்து சரக்கு வாங்கினார். எல்லா டிரம்மும் வெள்ளை, எல்லா மூடியும் வெள்ளை. என்ன சரக்கு என்பது ஒட்டியிருக்கிற சீட்டில் மட்டும், அதுவும் இங்கிலீஷில் மட்டும். மேஸ்திரியோ தாய்மொழியையே பஸ் போர்டு அளவுக்குத்தான் கூட்டிப் படிப்பார். புது மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "சாவி யார் கையில இருக்கோ அவங்க சீட்டைப் படிக்கணும். ஷிப்ட்டு முடிஞ்சா நடந்ததை நாலு வரி இங்கிலீஷ்ல எழுதணும். மாசக் கடைசியில பரீட்சை. அதுவரைக்கும் கேன்டீன்ல சாயங்காலம் வகுப்பு."

வகுப்புக்கு ஆள் தேடியபோது மேஸ்திரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ச் சொன்னார். "எதுக்கு சார் வெளிய தேடுறீங்க? எம் மருமகளே இங்கிலீஷ் டீச்சர்தான்."

வந்தாள் மருமகள். முதல் நாளே இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு. ஆலை வாசலுக்கு உள்ளே அவள் டீச்சர், அவர் மேஸ்திரி. வாசலைத் தாண்டினால் அவர் மாமா, அவள் 'ஏம்மா'.

அவள் பாடம் நடத்தின விதம் புதுசு. புத்தகமே கொண்டுவரவில்லை. "உங்க வேலையைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்பாள். ஆளுக்கொன்று சொல்லுவார்கள். அதை இங்கிலீஷில் மாற்றிப் பலகையில் எழுதி, ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரல் வைத்துப் படிப்பாள். பிறகு அவர்கள் விரல் வைத்துப் படிக்க வேண்டும், பார்த்து எழுத வேண்டும். மறுநாள் அதே வரிகளைத் தாளில் அச்சடித்து, மேலே ஒரு படமும் போட்டுக் கொடுப்பாள். தான் சொன்ன பேச்சையே தான் படிக்கிறோம் என்றதும் எல்லாருக்கும் ஒரு ரோஷம் வந்துவிட்டது.

அந்த வகுப்பில் மேஸ்திரிதான் முதல். தாளை நீட்டினால் தண்ணீர் மாதிரி கொட்டுவார். உருளையில் விரிப்பு போடுகிற இஸ்திரியக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத் திணறுவாள்.

"என்னக்கா, உருளையில துணி மாட்டிக்கிச்சா?" என்பார் மேஸ்திரி. வகுப்பு சிரிக்கும்.

"மாட்டினா மாட்டட்டும் மேஸ்திரி. கிழியாம வந்தாப் போதும்" என்பாள் அவள், விரலை எடுக்காமலே.

மேஸ்திரியின் வித்தை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. டீச்சர் வாயைத் திறந்ததும் போனில் பதிவு ஓட ஆரம்பித்துவிடும். மறுநாள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மெஷின் மெஷினாகச் சுற்றுவார். மேஸ்திரி பழைய பாட்டுக் கேட்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவர் கேட்டதெல்லாம் மருமகள் குரல்தான். ஆரம்பத்தில் எழுத்தைப் பிடிக்கப் பார்க்காமல் இல்லை. அது எறும்புக்கூட்டம் மாதிரி ஊர்ந்தது. இந்த வயதில், ஊழியர் முன்னால், அதுவும் மருமகள் முன்னால் திணறுவதா? வாழ்நாள் முழுக்கக் கைவிடாத காது இதற்கு மட்டும் கைவிடுமா? எந்தத் தாள் எந்தப் பாடம் என்பதை மேலே இருக்கிற படம் சொல்லிவிடும். சொட்டு விழுகிற கை படம் என்றால் 'திஸ் இஸ் பிளீச்' பாடம். இரண்டு டிரம்மும் நடுவில் பெருக்கல் குறியும் என்றால் 'டூ நாட் மிக்ஸ்' பாடம்.

பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. டீச்சர் அந்த இரண்டு டிரம் தாளைக் கொடுத்தாள். மேஸ்திரி எழுந்து நின்று படித்தார்.

"திஸ் இஸ் பிளீச். தட் இஸ் ஆசிட். டூ நாட் மிக்ஸ்..." ஒரு கனைப்பு. "டூ நாட் மிக்ஸ் பிளீச் வித் ஆசிட். ஓப்பன் த டோர். கால் த மேஸ்திரி."

"மேஸ்திரி பேரு வந்ததும் குரல் ஏறுது பாரு" என்றாள் இஸ்திரியக்கா. எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

தாளில் அந்த வரி ஒரு தடவைதான் இருந்தது. பாடம் நடத்தின அன்று, பாதி வரியில் வெளியே நீராவி சீறி, அவள் நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். அவளுடைய கனைப்பு அப்படியே அவர் வாயிலிருந்து வந்துவிட்டது! அவள் கண் தாளிலிருந்து அவர் சட்டைப் பைக்கு வந்தது. பையில் சுருண்டு கிடந்த ஒயரைப் பார்த்தது. மேஸ்திரியும் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டார்.

"நல்லது மேஸ்திரி. உக்காருங்க" என்றாள்.

அந்த 'நல்லது' முள்ளாகக் குத்தியது. வீட்டுக்கு நடந்து போகிற வழியில் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? பேசாம வர்றே?"

"ஒண்ணுமில்ல மாமா."

ஒன்றுமில்லாமல் இல்லை. சாப்பிட உட்காரும் முன் மேசைமேல் சின்னச் சின்னச் சீட்டுகளைப் பரப்பினாள். அந்தப் பாடத்தையே வார்த்தை வார்த்தையாக வெட்டி வைத்திருந்தாள்.

"மாமா, இதை வரிசையா அடுக்குங்க, பாப்போம்."

மேஸ்திரியின் வீட்டம்மா தட்டோடு வந்து எட்டிப்பார்த்தாள். "என்னடி இது, மாமனாரும் மருமகளும் சீட்டாட்டமா? என்னையும் சேத்துக்கங்க."

மேஸ்திரி சீட்டுகளைப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தன. படமும் இல்லை, குரலும் இல்லை. கை மேலே வந்து அப்படியே நின்றது. பிறகு ஒரே வீச்சில் சீட்டெல்லாம் தரையில் பறந்தது.

"எனக்கே பரீட்சை வைக்கிறியா? பாடம் சொல்ற வேலையை மட்டும் பாரு. படிச்சவ திமிரை என்கிட்ட காட்டாதே!"

மருமகள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "திமிர் இல்ல மாமா. பரீட்சைக்காகவும் சொல்லல. டிரம்மு பேசாது. அதுக்குள்ள என் குரல் கிடையாது."

மேஸ்திரி சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பை அவள் கேன்டீனில் நடத்தவில்லை. மருந்து ரூம் வாசலுக்கே எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனாள். "இன்னைக்கு நிஜ டிரம்மைப் படிப்போம்" என்றாள். அதுவரைக்கும் மிச்சமிருந்த பழைய சரக்கு தீர்ந்து, புது லோடு அப்போதுதான் இறங்கியிருந்தது. உள்ளே பிளீச்சுத் தொட்டி காலியாகி, அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. தொட்டி நிரப்புகிற நெட்டையன் ஒரு டிரம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு காத்திருந்தான். கல்லைப் போடு என்றால் போடுவான், ஏன் என்று கேட்க மாட்டான். மேஸ்திரி வாக்கு அவனுக்கு அவ்வளவு உறுதி.

"மேஸ்திரி, இது எதுன்னு சொல்லுங்க, ஊத்திடுறேன். தொட்டி காஞ்சு கெடக்கு."

எல்லார் கண்ணும் மேஸ்திரி மேல். மருமகள் கண்ணும்தான். நேற்றுப் பறந்த சீட்டுக்கு இன்றைக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம். டிரம்மை நெருங்கினார். சீட்டில் படம் இருந்தது. சொட்டு விழுகிற கை. அப்பாடா! எழுத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

"திஸ் இஸ் பிளீச். வேர் க்ளவ்ஸ். வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்." கணீரென்று சொன்னார். "ஊத்துடா!"

நெட்டையன் மூடியைத் திருகினான். பின்னால் நின்ற மருமகள் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பதற்குள் டிரம் சாய்ந்துவிட்டது.

"மாமா, அது இல்ல! நிறுத்துங்க! அது ஆசிட்டு!"

ஆலைக்குள் அவள் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நெட்டையன் பதறி டிரம்மை நிமிர்த்தினான். ஆனால் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. தொட்டியிலிருந்து மஞ்சளாக ஒன்று எழுந்தது.

"வெளிய! எல்லாம் வெளிய!" என்று கத்தியது மேஸ்திரிதான். இருமிக்கொண்டே நெட்டையனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். இஸ்திரியக்கா முற்றத்துக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டாள். திறந்த வெளியில் நெட்டையன் மண்டியிட்டு இருமினான், இருமினான், நிற்காமல் இருமினான். கண்ணில் தண்ணீர் ஊற்றியது. மேஸ்திரி ஈரத்துணியை அவன் முகத்தில் வைத்துப் பிடித்தார்.

அவன் எப்போது பேசுவான் என்று எல்லாரும் நின்றார்கள். கடைசியில் பேசினான். குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "பரவாயில்ல மேஸ்திரி... நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஆபத்துக்கு அடையாளமான அந்தக் கைப்படம் பிளீச்சு டிரம்மிலும் உண்டு, ஆசிட் டிரம்மிலும் உண்டு. எழுத்து தெரிந்தவனுக்கு அது எச்சரிக்கை. தெரியாதவனுக்கு அதுவே குழி. மேனேஜர் அன்று வெளியே போயிருந்தார். தொட்டியை நீர்விட்டுக் கழுவி, அறையைத் திறந்து போட்டு, நெட்டையனை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்ததும் இஸ்திரியக்கா சொன்னாள்: "நடந்தது நமக்குள்ள இருக்கட்டும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம். நீங்க பரீட்சையைப் பாருங்க மேஸ்திரி." ஆனால் 'டிரம்மு பேசாது' என்று மருமகள் சொன்னதுதான் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவரே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா... அந்தச் சீட்டைக் கொண்டா."

அன்றிலிருந்து அவருக்கு வெட்கம் போனது. ஆலையில் கண் ஜாடையிலேயே வேலை வாங்குகிற மனுஷன், வீட்டு மேசையில் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டார். தப்பாக அடுக்கினால் மருமகள் "தப்பு மாமா" என்றாள். முதல் தடவை சொல்ல அவளுக்கும் நாக்கு எழவில்லை, கேட்க அவருக்கும் முகம் பொறுக்கவில்லை. பத்தாவது தடவையில் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

"எங்கிட்ட ஒரு தப்புகூட ஒத்துக்கிட்டதில்ல இந்த மனுஷன்" என்றாள் வீட்டம்மா. "மருமகளே, அந்தத் தப்புங்கிற சீட்டு எங்க இருக்கு? எனக்கொண்ணு கொடு."

ஆனால் அரிசி வேகிற நேரத்தில் இங்கிலீஷ் வேகாது. பரீட்சை நாள் வந்தபோது அவர் கையில் இருந்தது சில வார்த்தைகள்தான். பிளீச், ஆசிட், டோர், திஸ், தட், ஆஸ்க். மற்றதெல்லாம் இன்னும் எறும்புதான்.

பரீட்சை மேனேஜர் அறையில். ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டு வந்தார்கள். இஸ்திரியக்கா போய்த் திணறித் திணறி முடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கிழியல" என்று மட்டும் சொன்னாள். கடைசியாக மேஸ்திரி.

மருமகள் இதுவரை யாரும் பார்க்காத புதுத் தாள்கள் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அதில் மிச்சமிருந்த ஒன்றை நீட்டினாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "மேஸ்திரிக்கு எதுக்கும்மா இதெல்லாம்? அவர்தான் வகுப்பிலேயே முதல்னு எல்லாரும் சொல்றாங்களே. சும்மா ஒரு பேருக்கு" என்று பழைய பாடக் கட்டிலிருந்து கைக்கு வந்ததை உருவினார்.

"சார், அது ஏற்கெனவே படிச்ச பாடம்" என்றாள் அவள். முகம் வெளுத்துவிட்டது.

"இருக்கட்டும்மா."

தாள் மேஸ்திரியின் கைக்கு வந்தது. இரண்டு டிரம், நடுவில் பெருக்கல் குறி. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் காதுக்குள் மணியாக இருக்கிற பாடம். வாயைத் திறந்தால் போதும். சாவி இடுப்பிலேயே இருக்கும். நெட்டையன் கதையும் யாருக்கும் தெரியாது. மருமகளைப் பார்த்தார். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திஸ் இஸ் பிளீச். தட் இஸ் ஆசிட்" என்று ஆரம்பித்தார். குரல் தானாக ஓடியது. மேனேஜர் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். "டூ நாட் மிக்ஸ்..."

கனைப்பு வருகிற இடம். அப்போதுதான் மேஸ்திரி தன் விரலைப் பார்த்தார். வாய் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. விரல் இன்னும் முதல் வரியில் 'பிளீச்' மேலேயே நின்றுகொண்டிருந்தது, அந்த ஒரு வார்த்தையை அடையாளம் கண்டுபிடித்த சந்தோஷத்தில். சன்னலுக்கு வெளியே நெட்டையன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டி தள்ளிப் போனான். இருமல் சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

மேஸ்திரி நிறுத்தினார்.

"என்ன மேஸ்திரி, போங்க. நல்லாத்தானே வருது?"

"நல்லா வருது சார். ஆனா நான் படிக்கல. இது என் காதுல இருந்து வருது." தாளை மேசைமேல் வைத்து விரலை முதல் எழுத்துக்குக் கொண்டுபோனார். "இப்பப் படிக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

படித்தார். 'திஸ்' வந்தது. 'பிளீச்' வந்தது. 'தட்' தட்டி நின்று வந்தது. 'மிக்ஸ்' என்று காது சொன்னது, கண் ஒப்புக்கொள்ளவில்லை. "இது தெரியல சார்" என்று தாண்டினார். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி வரி வந்து சேருவதற்குள் மேஸ்திரியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலு வரி எழுதச் சொன்னார்கள். பிளீச், ஆசிட், ஐ ஆஸ்க் என்று கோணல் மாணலாக எழுதி, கீழே தன் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, மருந்து ரூமில் நடந்ததைச் சொன்னார். ஒரு வார்த்தை மறைக்கவில்லை.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "மேஸ்திரி, நான் பாஸ் போட முடியாது."

"போடாதீங்க சார்."

சாவியை அவிழ்க்கப் பார்த்தார். வருஷக்கணக்காக இறுகிய முடிச்சு அசைய மறுத்தது. மருமகள்தான் பக்கத்தில் வந்து, "கொடுங்க மாமா" என்று குனிந்து நகத்தால் நெண்டி அவிழ்த்தாள். ஆலைக்குள் அவள் மாமா என்று கூப்பிட்ட இரண்டாவது தடவை அது. சாவி இறங்கியதும் இடுப்பு என்னவோ சட்டையே போடாத மாதிரி இருந்தது.

சாவி இஸ்திரியக்காவுக்குப் போனது. மேஸ்திரி மெஷின்களுக்கு மேஸ்திரியாகவே இருந்தார், வகுப்புக்கும் போனார். அங்கே இப்போது கடைசி ஆள் அவர்தான். தள்ளுவண்டிக்காரர்கள் சாடையாகச் சிரித்தபோது மேஸ்திரி விடுவாரா?

"சிரிங்கடா. படிக்காமலே பாஸானவன் ஊர்ல ஆயிரம் பேர் இருப்பான். படிச்சு ஃபெயிலானவன் நான் ஒருத்தன்தான்!"

அடுத்த லோடு வந்த அன்று இஸ்திரியக்கா மருந்து ரூம் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "மேஸ்திரி, இங்க வாங்க. ரெண்டு பேர் படிச்சாத்தான் மூடி திறக்கறதுன்னு வெச்சிருக்கேன். நான் படிச்சுட்டேன். என்னன்னு சொல்ல மாட்டேன். நீங்க படிங்க."

"என்னக்கா, உன் உருளையில என்னை மாட்டுறியா?"

"கிழியாம வந்தாப் போதும் மேஸ்திரி."

மேஸ்திரி காதில் ஒயர் இல்லை. கைப்படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தார். பின்னால் நெட்டையன் வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி நின்றான். அந்த விரல் கடைசி எழுத்தைத் தாண்டும் வரைக்கும் அவன் டிரம்மைத் தொடவே இல்லை.